விட்டுப்போனதைப் பிடிக்கிற ஆள்

ஒரு டம்ளர் குடித்து முகத்தைச் சுளித்ததும் வீரமணி போனை எடுத்துவிடுவார். மறுநாள் திருச்சியில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை. வருடத்துக்கு ஒருமுறை அது உண்டு. அதற்காக வயிற்றைக் கழுவும் மருந்துத் தண்ணீரை ஜாடி ஜாடியாகக் குடிக்க வேண்டும். கழிவறைக்கு ஓடிய நேரம் போக மிச்சமெல்லாம் சொந்தக்காரர்களுக்கு. "நாளைக்கு நான் போறேன். நீ எப்ப போற? இருடா, வந்துடறேன்" என்று போனைத் தரையில் வைத்துவிட்டு ஓடுவார். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேசுவார். எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை.

ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறார். எவ்வளவு குளித்தாலும் காது மடலில் வெள்ளைத் தூசி இருக்கும். அப்பா குடல் புற்றுநோயில் போனார். அண்ணன் மணிமாறனும் இளவயதிலேயே அதே நோயில் போனார். அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்தான், இது பரம்பரையாக வரும் கோளாறு, குடும்பத்தில் எல்லோரும் ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார். வீரமணிக்கும் அந்தக் கோளாறு இருந்தது.

டாக்டர் சொன்னதைத் தன் பேச்சுக்கு மாற்றி வைத்திருக்கிறார். "செல்லு ஒண்ணு ரெண்டாவுறப்ப உள்ள இருக்கற டிஎன்ஏவ பாத்துப் பாத்து இன்னொண்ணு எழுதணுமாம். தப்பு வுழுந்தா எழுதுறவனே நின்னு அழிச்சிட்டு எழுதுவான். அதையும் மீறி கொஞ்சம் வுட்டுப்போவும். அதப் புடிச்சு, வெட்டிட்டு, சரியா வைக்க பின்னாலயே ஒரு ஆளு வருவான். எங்க குடும்பத்துல அந்த ஆளுதான் சரியில்ல."

டீக்கடையில் யாராவது சிரித்தால் இன்னும் கொஞ்சம் சொல்வார். "அந்த ஆள அனுப்பறதுக்கு அப்பா வழி ஜீனு ஒண்ணு, அம்மா வழி ஜீனு ஒண்ணு இருக்கும். எங்களுக்கு ஒண்ணு பொறக்கறப்பவே பழுது. ஏதோ ஒரு செல்லுல இன்னொண்ணும் கெட்டா, தப்பு மேல தப்பா சேந்து புத்துநோயில வுட்டுடும்."

ஒரு காதுகுத்து விருந்தில் இதையே பந்தி நடுவில் சொன்னார். மலத்தில் ரத்தம் வந்தால் மறைக்காதீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். குரும்பலூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை கலைமணி பாதிச் சாப்பாட்டில் இலையை மூடி எழுந்தாள்.

"எம்பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கேன். பரம்பரை வியாதின்னு நீயே ஊரக் கூட்டிச் சொல்றியாண்ணே?"

அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவில்லை. அவரும் விடவில்லை. இந்த முறை எடுத்தது அவள் மகள் தமிழ்மொழி.

"அம்மா இங்கதான் இருக்கு மாமா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பேசுங்க."

வீரமணி மருந்து டம்ளரைக் கீழே வைத்தார். "நாளைக்குத் திருச்சிக்குப் போறேன். போன மொற கொடல்ல ரெண்டு கட்டி எடுத்தாங்க, இந்த மொற என்ன இருக்கோ" என்றார்.

கலைமணியின் குரல் குறுக்கிட்டது.

"ஒனக்கா? எடுத்தாங்களா? அறுத்தா?"

"அறுக்கல்லாம் இல்ல. புத்துநோயா மாறறதுக்கு முன்னாடியே, கொழாய் வழியாவே கிள்ளி எடுத்துட்டாங்க. அடுத்த நாளு வேலைக்குப் போயிட்டேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு ஒனக்கு என்ன? செத்தவங்க கதையாவே சொல்லிக்கிட்டு இருந்த."

கலைமணியும் திருச்சிக்குப் போய்ச் சோதித்துக்கொண்டாள். அவள் ரத்தத்திலும் அதே பழுது இருந்தது. குடலில் ஒரு சின்னக் கட்டி, எடுத்துவிட்டார்கள். இனி அவளும் வருடா வருடம் போக வேண்டும்.

அடுத்து தமிழ்மொழி. அதே திருச்சி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறை. அம்மாவின் பழுது மகளுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் பேசித் தீர்த்த வீரமணி, வாசல் ஓரமாக நின்றார். நர்ஸ் ஊசியைப் பிரித்தாள். கலைமணி மகளின் சுடிதார்க் கையை முழங்கைக்கு மேல் மெல்ல மடித்துவிட்டாள்.

வீரமணி சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.