பவுனுக்கு ஆடி அழைப்பு: மோகனூரிலிருந்து ஜலகண்டாபுரம், 98 கி.மீ.

குதிரையை வண்டியில் ஏற்றி வெளியூர் கொண்டுபோவது எப்படி என்று இரண்டு வருடமாகப் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எழுத நேரமில்லை, அதுதான் உண்மை. இப்போதும் இல்லை. ஒரு கையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் போனில் அடித்துக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மோகனூருக்கு வெளியே கரும்புக் காட்டுக்கு நடுவில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். மாறன் என்று ஒரு பொலிக்குதிரை, சொந்தமாக இரண்டு பெட்டைகள். இதுபோக, இனச்சேர்க்கைக்காக வெளியூர்ப் பெட்டைகள் வந்து ஒரு மாதம், இரண்டு மாதம் தங்கிப்போகும். வந்த விருந்தாளிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீம்பு. ஒன்று வாளி மாறினால் தண்ணீர் குடிக்காது. இன்னொன்று வைகாசிக் கடைசியில் என் வீட்டுக்காரரை உதைத்து, தோள் எலும்பை உடைத்துவிட்டது. அன்றிலிருந்து அவர் வேலையும் என் தலையில்தான். நாற்பது நாளாகச் சாணி அள்ளி அள்ளி, கையை மடக்கினால் விரிக்க முடியவில்லை.

அந்த நிலைமையில்தான் இந்தப் பயணம். பவுனு என்கிற பெட்டை பதினாறு வயதுக்காரி. சொந்தக்காரர் செல்வராசு, ஜலகண்டாபுரத்தில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறவர். அந்தியூர்ச் சந்தையில் வாங்கியது, இதுவரை ஒரு குட்டியும் இல்லை. வேறு இடங்களில் இரண்டு தடவை சேர்த்தும் சினை நிற்கவில்லை. ஜூன் 4-ஆம் தேதி எங்கள் மாறனோடு சேர்ந்தது, சினை நின்றுவிட்டது. முப்பத்தொன்பதாம் நாள் ஸ்கேனில் குட்டியின் இதயத் துடிப்பைக் காட்டிய டாக்டர், "இதத் தவற விட்டா இன்னொரு தடவ நம்பாதீங்க" என்றார். அறுபது நாள் முடிகிறவரை இருக்கட்டும் என்பது என் எண்ணம். அன்று சாயங்காலமே செல்வராசு போன் பண்ணினார்.

"அம்மிணி, ஆடி பொறக்கறதுக்குள்ள ஊட்டுக்கு அனுப்பிருங்க."

"ஏனுங்க, இன்னும் இருவது நாள் இருக்கட்டுங்களே."

"பொண்ணுப்புள்ளைய ஆடில மாப்ள ஊட்ல உடுவாங்களா? பவுனு எங்கூட்டுப் புள்ளைங்க."

வைகாசியில் அவ்வளவு அவசரமாகக் கொண்டுவந்து விட்டதற்கும் இதுதான் காரணம். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் குட்டி பிறக்கும், சித்திரைப் பிறப்பு ஆகாது, அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் விட்டுப்போனார். நான் சிரித்துக்கொண்டே கயிற்றை வாங்கிக் கட்டினேன். அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஜூலை 15, செல்வராசு கணக்கில் ஆனி 31. காலை 5.10-க்குக் கிளம்பினோம். பிக்கப் வாடகை போய்வர 4,500 ரூபாய். ஓட்டியவர் முருகேசன். இருபது வருடம் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே சுற்றிவிட்டு, இடுப்பு வலியோடு ஊர் திரும்பியவர். தரையில் மணல், அதன்மேல் தேங்காய் நார் பரப்பியிருந்தோம். பவுனை ஏற்றவே இருபது நிமிடம் ஆயிற்று. "மெதுவாப் போங்க, வயித்துல குட்டி இருக்குது" என்றேன். "எனக்கு மட்டும் வேகமாப் போக இடுப்பு உடுமாக்கா?" என்றார்.

நாமக்கல் 5.45. முட்டை லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு திருச்செங்கோடு போய்ச் சேர 7.05. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. நான் பின்னால் குதிரையோடு நின்றபடி வந்தேன். இது கட்டாயம் என்று சொல்லவில்லை, அபாயமும்கூட. எனக்கு மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி வரும் வழியில் நின்றபடியே இரண்டு தடவை தூங்கிவிட்டேன். இரண்டு தடவையும் பவுனுதான் தலையால் இடித்து எழுப்பியது.

சங்ககிரியில் 7.35-க்கு வண்டியை நிழலில் நிறுத்தினோம். டீ பன்னிரண்டு ரூபாய், நன்றாக இருந்தது. பவுனுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேனில் கொண்டுபோயிருந்தோம், பாதி வாளி குடித்தது. முருகேசன் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"குட்டி எப்பக்கா போடும்?"

"மே அஞ்சாந்தேதி வாக்குல."

"அடப்பாவமே. அப்பத்தான கத்திரி வெயிலு ஆரம்பிக்கும். சித்திர வெயில்ல இத வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். லாயத்துச் சுவரில் நான் தேதி எழுதுவதெல்லாம் இங்கிலீஷ் மாதத்தில். ஜூன் 4, அதற்கு நேரே மே 5. இந்தத் தொழிலுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதைத் தமிழ் மாதத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. செல்வராசு எண்ணியது மனுஷக் கணக்கு, பத்து மாதம். குதிரைக்குப் பதினொன்று. ஆடியில் சேர்த்திருந்தால் ஆனியில் பிறந்திருக்கும், யாருக்கும் ஒரு வம்பும் இல்லை. சித்திரையிலிருந்து தப்பிக்க வைகாசியில் ஓடிவந்தவர், நேராகச் சித்திரை நடுவில் போய் விழுந்திருக்கிறார்.

நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சினையைக் கலைக்க ஓர் ஊசி இருக்கிறது. நல்ல சினையை, குட்டி பிறக்கப்போகிற மாதம் சரியில்லை என்று ஒருவர் கலைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். செல்வராசு நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்கள்தான் இதிலெல்லாம் ரொம்பப் பயப்படுவார்கள்.

சுலபமான வழி ஒன்று இருந்தது. வைகாசியில் போடும் என்று சொல்லிவிடலாம். வயதான பெட்டை பத்து நாள் தள்ளிப் போட்டாலும் போடும், முழுப் பொய்யும் இல்லை. ஆனால் வைகாசி என்றால் சித்திரையில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். முதல் பேறு, பதினாறு வயது. குட்டி வருகிறபோது பக்கத்தில் ஆள் இல்லாமல், பனிக்குடம் கிழியாமல் போனால் குட்டி மூச்சுமுட்டிச் செத்துவிடும். பெட்டையும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் குட்டி இப்போதே போகலாம். சொல்லாவிட்டால் பத்து மாதம் கழித்து இரண்டும் போகலாம். இதை நினைத்துக்கொண்டே இடைப்பாடி வந்தேன், 8.45. அந்த ஊரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நான் எதையும் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். என் மகள் சித்திரையில் பிறந்தவள். அவள் பிறந்து இருபதாம் நாள் என் மாமனாரின் லாரி கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் லாரி போயிற்று. அது யாரால் என்று எங்கள் வீட்டில் பல வருடம் பேசினார்கள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே பேசினார்கள். இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, சேலத்தில் படிக்கிறாள்.

ஜலகண்டாபுரம் 9.30. ஊருக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் தறிச் சத்தம்தான். பவுனு மிரளும் என்று கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். அது தலையைத் தொங்கப்போட்டு, ஒரு பின்னங்காலை மடித்து, தூங்குகிற மாதிரி நிம்மதியாக நின்றது. எங்கள் இடத்துக்கு வந்த புதிதில் மூன்று நாள் படுக்காமல் நின்றதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. அங்கே அமைதி அதிகம்.

வாசலில் செல்வராசுவின் மனைவி பூங்கொடி ஆரத்தித் தட்டோடு நின்றார். பவுனுக்குச் சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்தார். தறிக்கூடத்தை ஒட்டிய கொட்டகையில் பவுனைக் கட்டிய கையோடு செல்வராசு கேட்டார்.

"எப்பங்க போடும்? பங்குனிக்குள்ள போட்ருமுங்களா?"

"இல்லீங்க. குதிரைக்குப் பதினோரு மாசம். சித்திரைல போடும்."

தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டினார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை நான் கத்தவே வேண்டியதாயிற்று. சித்திரை என்ற சொல் அவருக்குக் கேட்டபோது தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் முகம் செத்துப்போயிற்று. என்னை வெளியே கூட்டிவந்து மெதுவாகக் கேட்டார். "டாக்டர்கிட்ட ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"

பயந்த கேள்வி வந்துவிட்டது. தூக்கமில்லை, கால் வலி, காலையிலிருந்து ஒரு டீதான். எனக்கு நயமாகப் பேசத் தெம்பில்லை.

"சித்திரைல பொறந்தா யாருக்குங்க ஆகாது?"

"அப்பன் ஊட்டுக்குன்னு சொல்லுவாங்க."

"இதோட அப்பன் எங்க நிக்கறான்?"

"மோகனூர்லீங்க."

"அப்ப வாரது எங்களுக்குத்தானுங்க வரும், உங்களுக்கில்ல. எங்கூட்ல ஏற்கனவே ஒரு சித்திரைப் புள்ள இருக்குது, பத்தொம்பது வருசமா. நாங்க ஒண்ணும் கெட்டுப் போயிடலீங்க. இன்னொண்ணும் இருந்துட்டுப் போவுட்டும்."

முதலில் சிரித்தது பூங்கொடிதான். "அம்மிணி சொல்றது சரிதானுங்க. நீங்க வெச்ச கணக்குப்படியே மாப்ள ஊட்டுக்குத்தான" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. எங்களுக்குப் பேறு பாக்கத் தெரியாது. சித்திர பொறந்ததும் நீங்க இங்க வந்துரோணும். குட்டி போட்டப்பறந்தான் உடுவோம்."

சரி என்றேன். ஊசிப் பேச்சு அதோடு நின்றது. வாயைக் கொடுத்துக் கிட்டத்தட்ட ஒரு மாதத்தை இழந்தேன். அடுத்த சித்திரையில் பாதிக்குமேல் தறிச் சத்தத்துக்கு நடுவில் கட்டிலைப் போட்டுக் கிடக்கப் போகிறேன். வயிறு நிறைய இட்லி போட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். 11.30-க்குக் கிளம்பி, வெறும் வண்டியாக 2.20-க்கு மோகனூர்.

போகிறவர்களுக்கு: தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், ஊர் மாறினால் பல குதிரைகள் குடிக்காது, வயிற்றுவலி வந்துவிடும். இழுத்தால் அவிழும் முடிச்சே போடுங்கள். வெயிலுக்கு முன் போய்ச் சேருங்கள். சினைப் பெட்டையாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏற்றவே வேண்டாம். இன்னொன்று, என்னைப்போல விருந்துப் பெட்டைகளை வைத்துப் பார்க்கிறவர்கள், பேறு தேதியைத் தமிழ் மாதத்திலும் எழுதி, சேர்ப்பதற்கு முன்பே சொந்தக்காரரிடம் காட்டிவிடுங்கள். நான் திரும்பிவந்து சுவரில் மே 5-க்குப் பக்கத்தில் சித்திரை 22 என்று எழுதினேன்.

எழுதும்போது வீட்டுக்காரர் கையைத் தூளியில் தொங்கவிட்டபடி பின்னால் நின்றார். ஜலகண்டாபுரத்தில் பேசியதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடியே, "அந்த லாரிக்கு ஒரு மாசமாவே பிரேக் சரியில்ல. எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

பத்தொன்பது வருடம். எனக்கு வந்தது கோபம்தான், வேறு எதுவும் இல்லை. அன்றைக்கு நான்கு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார். அதனால்தான் நேரமில்லாத நேரத்தில் இதை எழுதினேன். மகளுக்கும் அனுப்பப் போகிறேன். அவரும் படிப்பார், படிக்கட்டும்.