குடிக்காதவனின் தள்ளாட்டம்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டில், ஹெலன்ஸ்பர்க் கோயிலில் வைத்து, நான் குடிகாரன் என்று முடிவாகிவிட்டது. என் பேத்திக்கு முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்து, முதல் தடவையாகச் சாமி கும்பிடக் கொண்டுபோன நாள் அது. நான் வாழ்நாளில் பியர்கூடத் தொட்டதில்லை. வேலையிடத்து டிசம்பர் மாத நத்தார் விருந்துகளில் ஆரஞ்சு ஜூஸோடு மூலையில் நின்று கேலிக்கு ஆளாகிற ஆள்.

பிள்ளையை அம்மப்பாதான் சந்நிதிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று ஒரு வாரமாக நான் அடம்பிடித்துக்கொண்டிருந்தேன். மகளும் சம்மதித்திருந்தாள். கால் கழுவிவிட்டு வந்து கையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. மருமகனின் தோளைப் பிடித்து நின்றுகொண்டேன். மகள் பிள்ளையைப் பின்னுக்கு இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு என் முகத்துக்குக் கிட்ட வந்து மூச்சை உள்ளே இழுத்தாள்.

"இண்டைக்குமா அப்பா? நாட் லைக் திஸ், ப்ளீஸ்."

பிள்ளையைச் சம்பந்தி தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னால் போனேன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், கார் நிறுத்துமிடத்தில் என் பழைய நண்பன் ஒருவன் காத்திருந்தான். யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவன். என்னை ஒரு காரின் மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போய், "மச்சான், ஒருக்கா ஊது பாப்பம்" என்றான். நானும் ஊதினேன், மடையன். "ஓடிக்கொலோன் சென்ட் போட்டு மறைச்சால் தெரியாதெண்டு நினைக்கிறியோ?" என்றான். முகத்துக்கு நேரே சொன்னதால் ஒரு சொல் விடாமல் விளங்கியது.

இந்தப் பெயர் ஒரே நாளில் வந்ததல்ல. அதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே நடக்கும்போது கால் தடுமாறத் தொடங்கியிருந்தது. காதும் மந்தமாகிக்கொண்டு வந்தது. காது மந்தமானவன் சத்தமாகப் பேசுவான், கேட்டதற்கு ஒன்று சொல்லவேண்டிய இடத்தில் வேறொன்று சொல்லுவான், கதை விளங்காமல் பாதியில் எழும்பிப் போவான். பிறந்தநாள் வீடுகளில் சத்தம் போட்டு, தள்ளாடி, கதிரையைத் தட்டி விழுத்திவிட்டுப் போகிறவனைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன் என்று நியாயம் சொல்லலாம். சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவர்கள் என்னை முப்பது வருடமாகத் தெரிந்தவர்கள்.

போதாக்குறைக்கு நான் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளன். "லாபில ஸ்பிரிட் இருக்குத்தானே, அவருக்கு ஓசியிலே" என்று யாரோ பகிடி விட்டதும், அதற்கு ஒரு கூட்டமே சிரித்ததும் பிறகு என் காதுக்கு வந்தது. அந்த மாதிரி விஷயங்கள் மட்டும் செவிடனுக்கும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும்.

என் மனைவி சண்டை பிடிக்கிற ஆள் அல்ல, தேடுகிற ஆள். நான் வேலைக்குப் போன பிறகு எங்கள் நார்த்மீட் வீட்டின் கராஜ், கார் டிக்கி, தோட்டத்துக் கொட்டில் எல்லாம் தேடியிருக்கிறாள். ஒரு போத்தல்கூடக் கிடைக்கவில்லை. கிடைக்காததால் சந்தேகம் தீரவேண்டும் அல்லவா? தீரவில்லை. நான் ஒளிப்பதில் கெட்டிக்காரனாகிவிட்டேன் என்று அழுதிருக்கிறாள். எங்கள் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவரும் தமிழர்தான். இரத்தம் எடுத்துப் பார்த்தார். "ஈரல் நல்லாத்தான் இருக்கு அண்ணை. எண்டாலும் குறைச்சால் நல்லது" என்றார்.

மகள் வேறு வழியில் போனாள். குடிக்கு அடிமையானவர்கள் எல்லோரும் முதலில் மறுப்பார்கள், ஒத்துக்கொள்வதுதான் குணமாவதற்கு முதல் படி என்று எங்கேயோ வாசித்திருந்தாள். வீட்டுக்குப் போனால் பிள்ளையைக் காட்டுவாள், கையில் தரமாட்டாள். அது தொட்டிலில் கால் உதைப்பதைக் கதிரையில் இருந்து பார்த்துவிட்டு வரவேண்டும்.

"நீங்கள் நிப்பாட்டுங்கோ அப்பா, அடுத்த நிமிசம் பிள்ளையைத் தாறன்."

"தொடங்காததை எப்படியம்மா நிப்பாட்டுறது?"

அவள் தலையை ஆட்டிக்கொண்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவாள். கல்மனம் கொண்டவள் அல்ல. உள்ளே போய் அழுவாள் என்றும் எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பும். நல்லவர்கள் எல்லாரும் சேர்ந்து, என்மேல் உள்ள அக்கறையில், என்னைக் குடிகாரன் ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளை தவழத் தொடங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மகள் வீட்டுக்குப் போய், அவள் முன்னால் இருந்து சொன்னேன்: "ஓம் பிள்ளை. குடிச்சனான்தான். இனிக் குடிக்கமாட்டன்."

மகள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். மனைவிக்கு ஃபோன் பண்ணினாள். அங்கே அவளும் அழுதாள். எவ்வளவு சந்தோஷம் அவர்களுக்கு! நான் சொன்ன உண்மைகள் எதையும் நம்பாதவர்கள், ஒரேயொரு பொய்யை உடனே நம்பினார்கள். "ஒரு மாசம் பாப்பம் அப்பா" என்றாள் மகள். சரி என்றேன். ஒரு மாதம் குடிக்காமல் இருப்பது எனக்கு என்ன பெரிய வேலையா?

மாதம் முடியுமுன்னரே அவள் வீட்டு வாசற்படியில் கால் பிரண்டு விழுந்தேன். நெற்றியில் தையல் போட்டார்கள். மகளின் முகத்தைப் பார்த்தபோது இனி என்ன சொன்னாலும் எடுபடாது என்று விளங்கிவிட்டது. ஒத்துக்கொண்டவன் திரும்பக் குடித்தான் என்பது, ஒத்துக்கொள்ளாதவனைவிட மோசமான கதை.

டிவியின் சத்தத்தை நான் கூட்டிக் கூட்டி வைத்ததால், பக்கத்து வீட்டுக்காரர் முறையிடத் தொடங்கினார். அதனால்தான் பரமட்டாவில் காது பரிசோதிக்கிற ஓர் இடத்துக்குப் போனேன். அங்கே இருந்த வெள்ளைக்காரப் பெண் என் காதைச் சோதித்துவிட்டு, நான் எழும்பிப் போகும்போது நடையையும் பார்த்தாள். திரும்பக் கூப்பிட்டு, எப்போதிருந்து இப்படி நடக்கிறீர்கள் என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. காதும் நடையும் சேர்ந்து கெடுவது நல்லதல்ல, மூளையை ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள்.

ஸ்கேன் எடுத்து, அங்கிருந்து நானும் மனைவியும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் நிபுணரிடம் போய்ச் சேர்ந்தோம். அறை நிறைய மாணவர்கள். என்னை ஒரே கோட்டில் ஒரு காலின் குதியும் மற்றக் காலின் விரலும் தொடும்படி நடக்கச் சொன்னார். நடந்தேன், சரிந்தேன், எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி ஏதோ ஒரு போத்தலை மூக்கருகில் பிடித்தார். ஒரு மணமும் இல்லை. கண்ணைத் திறந்தால் கோப்பித்தூள். மணம் எப்போது போனது என்று என் மனைவியிடம் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ... ஓடிக்கொலோன்" என்றாள்.

ஓம். எனக்கு மணக்கவில்லை என்று அதை மேலும் மேலும் ஊற்றிக்கொண்டு போயிருக்கிறேன். குடித்த நாற்றத்தை மறைக்கிறேன் என்று ஊர் பேசியிருக்கிறது. எனக்கே அன்றுதான் தெரியும். அத்தனை மாணவர்களுக்கு நடுவில் மனைவி விம்மி விம்மி அழுதாள். டாக்டருக்கு ஏன் என்று விளங்கவில்லை, டிஷ்யூ பெட்டியைத் தள்ளி வைத்தார். பிறகு கம்ப்யூட்டர் திரையில் என் மூளையைக் காட்டி மாணவர்களுக்கு விளக்கினார். இடையில் "பியூட்டிஃபுல்" என்றார். அது உதட்டைப் பார்த்தே எனக்குப் பிடிபட்டது. அவ்வளவு அரிதான நோயாம். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நிமிடம் எனக்கு அவரை ஓங்கி அறையலாம் போல் இருந்தது.

ஆராய்ச்சிக்காக இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டார்கள். போனேன். காந்தத்தால் படம் பிடிக்கிற அந்த மிஷினில் புதிய முறையில் படம் எடுக்கப் பழகிக்கொண்டிருந்த ஆராய்ச்சிக்காரி, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. டாக்டர் அல்ல, பௌதிகம் படித்தவள். அவள்தான் என் பக்கத்தில் இருந்து, என் முகத்தைப் பார்த்து, மெதுவாகத் தமிழில் விளக்கினாள்.

"இந்தக் கருப்புக் கோட்டப் பாருங்க அங்கிள். மூளையோட ஓரம் பூரா பென்சில்ல வரைஞ்ச மாதிரி இருக்குல்ல? அது இரும்பு."

எப்போதோ பட்ட ஓர் அடியால் முதுகுத்தண்டுக்குள்ளே எங்கேயோ சின்னதாக இரத்தம் கசிந்துகொண்டிருக்கிறதாம். அந்த இரத்தம் மூளையைச் சுற்றி ஓடுகிற நீரில் கலந்து, அதிலுள்ள இரும்பு மூளையின் மேல் படிந்துவிட்டதாம். காதின் நரம்பு, மூக்கின் நரம்பு, உடம்பை நிமிர்த்தி வைக்கிற பகுதி எல்லாம் அதில் ஊறிப் பழுதாகிக்கொண்டு போகிறதாம். சாதாரண எக்ஸ்ரேயில் பிடிபடாது, காந்தத்துக்கு மட்டும் அது தெரியும் என்றாள். எனக்கு அது உடனே விளங்கியது. கடதாசியில் இரும்புத்தூளைத் தூவிக் கீழே காந்தத்தை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவது என் வேலைதானே. எந்த அடி என்று டாக்டரும் கேட்டிருந்தார். ஊரில் ஷெல்லுக்குப் பயந்து பங்கர் குழிக்குள் பாய்ந்ததையா, சைக்கிளோடு மதகுக்குள் விழுந்ததையா, எதைச் சொல்வது?

"பிள்ளை, இது குடியாலே வாறதோ?"

"குடியா? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல அங்கிள். ஏன் கேக்குறீங்க?"

அந்தக் கோட்டை இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். தங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையில் என் படத்தைப் போட அனுமதி தருவீர்களா, பெயரோ அடையாளமோ எதுவும் வராது என்றாள். "பேரைப் போடுங்கோ பிள்ளை" என்றேன். "பெரிசாப் போடுங்கோ. இந்த ஆள் குடிக்கிறேல்லை எண்டும் கீழே போடுங்கோ." அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். விதிப்படி முடியாது அங்கிள் என்று சொல்லும்போது அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

கெட்டது கெட்டதுதான், இனிக் கெடாமல் முடிந்தவரை பார்க்கலாம் என்றார் டாக்டர். ஒரு வருடத்துக்கு முன் வந்திருந்தால் காதை இன்னும் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். அந்த ஒரு வருடம் நான் எங்கே போயிருந்தேன்? குடிகாரனாக இருந்தேன்.

செய்தி பரவியதும் எல்லாரும் வந்தார்கள். பழம், ஹார்லிக்ஸ், விபூதி. மன்னிப்புக் கேட்டவர் யாரும் இல்லை. என்னை ஊதச் சொன்ன நண்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அப்பவே வீட்டிலை சொன்னனான் மச்சான், இது வேற ஏதோ நோய் வருத்தம் எண்டு" என்றான். கையை இழுத்துக்கொண்டேன். இன்றுவரை அவனோடு பேச்சில்லை.

மகளுக்கு நானே படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தக் கறுப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, எனக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்: "அப்ப ஏன் அப்பா குடிச்சனான் எண்டு சொன்னீங்கள்?"

"பிள்ளையைத் தூக்கத்தான்" என்றேன்.

அவள் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. அழுது முடிந்த பிறகு நான் கையை நீட்டினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், கிட்ட வந்ததும் நின்று என் கால்களைப் பார்த்தாள். விழுந்துவிடுவேன் என்று இப்போது டாக்டரே எழுதித் தந்திருக்கிறாரே. என்னை சோஃபாவில் இருத்தி, இரண்டு பக்கமும் தலையணை அணைத்து, மருமகன் முன்னால் முழங்காலில் நின்று காவல் இருக்க, பிள்ளையை மடியில் வைத்தார்கள். அதற்கு ஒரு வயது ஆகப்போகிறது. என்னைத் தெரியாது. வாயைத் திறந்து அழுதது. எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை, கண்ணீரைப் பார்த்துத்தான் அழுகிறது என்று தெரிந்துகொண்டேன்.

இப்போது பேத்தி ஓடித் திரிகிறாள். என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டும் போவாள். ஆனால் ஒரு தடவைகூட அவளை நான் நின்றபடி தூக்கியதில்லை, இனித் தூக்கப்போவதும் இல்லை. நான் குடிக்காதவன் என்று ஊருக்கே தெரியும், அதனால் எனக்கு ஆனது ஒன்றுமில்லை. யாராவது தள்ளாடுவதைக் கண்டால் இப்போது நான் என் தடியை ஊன்றிக்கொண்டு கிட்டப் போய், "உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்கிறேன். ஒரு வருடம் முழுக்க என்னைச் சுற்றி நின்ற என் சொந்தங்களில் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி அது.