தம்பியை அண்ணா என்று கூப்பிடச் சொன்ன வாத்தியார்

ஏகாம்பரம் வாத்தியார் செத்துப்போனார். நேற்று சாயந்திரம், திருத்தணியில், அவர் மகன் வீட்டில்.

எல்லோரும் எழுதுகிறார்கள். தெய்வம் என்கிறார்கள், அவர் பிரம்புதான் எங்களை மனுஷனாக்கியது என்கிறார்கள்... ஒருத்தர் "முட்டி போட வைத்தார், இன்று கம்பெனி வைத்திருக்கிறேன்" என்று போட்டிருக்கிறார்.

முட்டி போட்ட எல்லோருக்கும் கம்பெனி இல்லையப்பா. மீதிப் பேர் முகநூலில் இல்லை, அவ்வளவுதான்.

என் மகன் தாமோதரனும் எழுதியிருக்கிறான். இப்போது அவனே ஒரு அரசுப் பள்ளியில் ஹெட்மாஸ்டர்.

அவன் பதிவில் ஒரு வரி. "சார் நல்ல தமாஷ் பேர்வழி. ஐந்தாவதில் ஃபெயிலான என் அக்காவிடம், இனிமேல் தம்பியை அண்ணா என்று கூப்பிடு என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தார்."

அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள்.

காலையில் ஃபோன் போட்டேன். "டேய் தாமு, அந்த வரியை எடுத்துடு."

"ம்மா, விளையாட்டுக்கு எழுதினதும்மா. எல்லாரும் ரசிச்சிகினு கீறாங்க. நீ ஏன் இத்தப் பெருசு பண்ற?"

"எடுக்கலன்னா நானும் எழுதுவேன்."

"எழுதிக்கோ போ."

எழுதுகிறேன்.

என் மகள் முதல் தடவை ஐந்தாவதில் ஃபெயில். அடுத்த வருஷம் தாமுவும் ஐந்தாவதுக்கு வந்துவிட்டான். அக்காவும் தம்பியும் ஒரே வகுப்பு. அவன் பையையும் சேர்த்து அவள்தான் சுமந்துகொண்டு போவாள்.

வருஷக் கடைசியில் வாத்தியார் பாஸானவர்கள் பெயரைப் படிப்பார். பெயர் வந்தால் எழுந்து வெளியே போகலாம். வராதவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அது அவர் வழக்கம்.

தாமு எழுந்து போனான். அவள் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அந்தத் தமாஷ். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றிருந்தேன். என் காதால் கேட்டேன். வெளியே போன பிள்ளைகள்கூட ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அன்றைக்குச் சோறு போடும்போது அவள் தாமுவிடம், "அண்ணா, கொழம்பு ஊத்தட்டா?" என்றாள்.

கிண்டல் இல்லை. வாத்தியார் சொன்னால் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வயசு.

அவள் நைனா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "படிச்சிக் கிழிச்சது போதும். நாளைலேர்ந்து தறியில குந்து."

குந்தினாள். தாமு டீச்சர் ட்ரெயினிங் முடிக்கும்வரை இந்த வீட்டில் நாடா ஓட்டியது அவளும் அவள் நைனாவும்தான். அது அவன் பதிவில் இல்லை... இடம் போதவில்லை போல.

இப்போது டிவியில், ஐந்தாவதிலும் எட்டாவதிலும் மறுபடியும் ஃபெயில் போடலாமா கூடாதா என்று நாலு பேர் கத்துகிறார்கள். தாமு போடணும் என்கிற கட்சி.

"ஆல் பாஸ்னு சொன்னதுலேர்ந்து பசங்களுக்கு பயமே இல்லம்மா. பேருகூட எழுதத் தெரியாம ஒம்போதாவது வந்துடுதுங்க. எங்க கையில இன்னா கீது, சொல்லு?"

தெரியாமல் வருகிறார்கள் என்பது நிஜம்தான். எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். ஆனால் எட்டு வருஷம் அந்தப் பிள்ளைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது யாருப்பா? அவர்களுக்கு யார் ஃபெயில் போடுவது?

இன்னொன்றும் எழுத வேண்டும். நான் விட்டால் தாமு வந்து கமெண்டில் போடுவான்.

அந்த வருஷம் வாத்தியார் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. "ஏம்மா, காலையில அந்தப் பொண்ணைத் தார் சுத்த வைக்காத. கிளாசுல வந்து தூங்குது."

விடிவதற்கு முன்னால் அவளை எழுப்பி, ராட்டையில் உட்கார வைத்து, நாடாவுக்கு நூல் சுற்ற வைத்தது நான்தான். தாமுவை எழுப்பவில்லை. ஆம்பளைப் பிள்ளை, படிக்கிற பிள்ளை, தூங்கட்டும் என்று விட்டேன்.

"எங்க வூட்ல தறி ஓடினாத்தான் சார் அடுப்பு எரியும். நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

சரி. என் தப்பு. நானே எழுதுகிறேன்.

ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது இல்லையா? அவள் ஏன் தூங்குகிறாள் என்று தெரிந்துதானே அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னார்? தெரியாமல் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மகளிடமிருந்து ஃபோன். கே.ஜி.கண்டிகையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

"எம்மா, வாத்தியாருக்கு மாலை வாங்கிகினு போறேன். பஸ் ஏறிட்டேன். நீ வரியா?"

"அந்தாளு சொன்னது ஞாபகம் கீதாடி உனக்கு?"

"கீது."

"அப்புறம் எதுக்கு தாமு எழுதினதுக்கு லைக் போட்ட?"

"அவன்தான் ஃபோன் பண்ணிப் போடச் சொன்னான். போட்டேன்."

நடுவில் கண்டக்டரிடம் திருத்தணிக்கு டிக்கெட் வாங்கினாள்.

"வாய்ப்பாடு அவருகிட்டதாம்மா கத்துகினேன். பதினாறு வரைக்கும். இன்னும் மறக்கல."

ஃபோனை வைத்துவிட்டேன்.

வாத்தியாரே... ரிட்டயர் ஆன பிறகு பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டீர்கள். ஒவ்வொரு தடவையும். பையனை மட்டும்.

மதியம் மாலையோடு ஒருத்தி வருவாள். கண்ணாடி போட்டிருப்பாள். ஓரமாகத்தான் நிற்பாள். பெயர் சுலோச்சனா.

நான் வரவில்லை. போய்ச் சேருங்கள்.