உள்ளே எப்படி வெட்டினீர்கள்? கம்பைநல்லூரிலிருந்து தருமபுரிக்கு

எண்பதுகளின் நடுவில், மாசி மாதத்து செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஒரே ஒரு வரிக்காகத் தருமபுரி போனேன். மூன்று வருடம் முன்பு, என் மனைவியின் முதல் சிசேரியனில் கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள் என்ற வரி. அவளுக்கு மறுபடி எட்டு மாதம் முடிந்திருந்தது.

அடிவயிற்றில் தழும்பு குறுக்கே இருந்தது. "குறுக்கு வெட்டுன்னா பயமில்ல, இந்தத் தடவ வூட்டுலயே பெத்துக்கலாம்" என்று என் அண்ணன் தீர்ப்புச் சொல்ல, சொந்தபந்தம் எல்லாம் தலையாட்டியது. தோலின் வெட்டு வேறு, உள்வெட்டு வேறாக இருக்கலாம் என்றேன். "எம்.எஸ்சி. படிச்சா டாக்டராடா? பொண்டாட்டி வயித்துக்குப் பட்டா வாங்கப் போறான் பாருங்க!" என்று சிரித்தார்.

காலை 6.10 பஸ். காரிமங்கலம் போய்ச் சேர முக்கால் மணி நேரம். சந்தைக் கூட்டம். "ஆட்டுக்கும் டிக்கெட் எடுத்திருக்குதுங்க சார், கொஞ்சம் நவுருங்க" என்றார் கண்டக்டர். அங்கே பஸ் மாறி, 8.15க்குத் தருமபுரி. மொத்தக் கட்டணம் மூன்றரை ரூபாய்.

முதல் ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த ஆபரேஷன் குறிப்பைக் கேட்டேன். குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புண்ணு ஆறிடுச்சில்லீங்க? அப்புறம் என்னத்துக்கு நோட்டு?"

"உள்ள எப்படி வெட்டுனீங்கன்னு எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் இந்த பெஞ்ச வுட்டு எந்திரிக்க மாட்டேன்."

ஒன்பது மணியிலிருந்து இரண்டேகால் வரை உட்கார்ந்தேன். கடைசியில் தியேட்டர் நர்ஸ் ஒருவர் பழைய பதிவேட்டோடு வந்தார். படித்ததும் அவர் முகம் மாறியது.

"சார், தோல்ல மட்டுந்தான் குறுக்கு. கொழந்த குறுக்கால கெடந்திருக்குது, மாசமும் நெறையல. கர்ப்பப்பையோட கீழ்ப்பாகம் விரியாததால மேல்பாகத்துல நெடுக்க வெட்டியிருக்காங்க. அந்தத் தையல் பிரசவ வலியத் தாங்காதுங்க, பொளந்துக்கும். வலி வர்றதுக்கு முன்னாடியே ஆபரேசன் பண்ணிருங்க."

அதை எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

ஒன்பதாம் மாதம், வலி தொடங்கும் முன்பே சேலத்தில் ஆபரேஷன் நடந்தது; தாயும் பிள்ளையும் நலம். உள்ளே கர்ப்பப்பையின் பழைய தழும்பு காகிதமாய் மெலிந்திருந்ததாக டாக்டர் சொன்னார். அண்ணன் சாத்துக்குடியோடு வந்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

உங்கள் வீட்டில் சிசேரியன் நடந்தால், வீடு திரும்பும் முன்பே கேளுங்கள்: கர்ப்பப்பையில் வெட்டு குறுக்கா, நெடுக்கா, மேலா, கீழா? தழும்பைப் பார்த்து ஊர் சொல்வதை நம்பாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள். தர மாட்டோம் என்பார்கள். வாசலில் பெஞ்சு இருக்கும். உட்காருங்கள்.