லேட்டுக்கு ஓர் 'உள்ளேன் ஐயா'

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மேலே மோட்டார் அறையில் ஒருவர், கீழே குழியில் ஒருவர், நடுவில் அத்தனை மாடி இருட்டு. அந்த இருட்டுக்குள் "தூக்கு! நிறுத்து! இன்னும் ஒரு விரக்கடை இறக்கு!" என்று கத்துவதுதான் வேலையில் பாதி. கத்தியது கேட்காவிட்டால் யாராவது நசுங்கிப் போவார்கள். அப்படியே கத்திப் பழகிய மனுஷர் வீட்டில் உப்பு கேட்டால் மூன்றாம் வீட்டுக்காரி உப்போடு வந்து நிற்பாள். நான் மட்டும் சளைத்தவளா? நாங்கள் காபி குடிப்பதைச் சண்டை என்று நினைத்து ஓடி வந்து கதவைத் தட்டியவர்கள் உண்டு.

போன வருஷம் அவருக்குத் தொண்டையில் ஒரு கட்டி. அறுத்து எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர், எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கட்டியோடு குரலும் போய்விட்டது. மிஞ்சியது வெறும் காற்று. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் சொல் பிடிபடும். கம்பெனி அவரை உதிரிபாக அறையில் உட்கார வைத்துவிட்டது. அதையும் தப்புச் சொல்ல முடியாது.

அவரை உடைத்துப் போட்டது அதுகூட இல்லை. இவர் கிசுகிசுத்தால் எதிரே நிற்கிறவர்களும் கிசுகிசுக்கிறார்கள்! மருந்துக் கடைக்காரர், என்னமோ கள்ளச் சரக்கு கைமாற்றுகிற மாதிரி இவர் பக்கம் குனிந்து, "சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்க" என்று ரகசியம் பேசுகிறார். ஆபீஸ் மேனேஜரும் அப்படித்தான். பெற்ற மகளும் போனில் அப்படித்தான். "நான் என்ன செத்துட்டேனா? எழவு வீட்ல பேசற மாதிரி பேசறாங்க" என்று ஒருநாள் காற்றாலேயே சீறினார். அப்புறம் வெளியில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். கல்லுளிமங்கன் மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் அவருடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் எல்லோரும் பழைய வகுப்பறையிலேயே கூடப்போவதாகச் செய்தி வந்தது. ஊர் கிட்டத்திலா இருக்கிறது? வழியில் ஒரு ராத்திரி தங்கித்தான் போக வேண்டும். முடியவே முடியாது என்று தலையை ஆட்டினார். ஆனால் அன்று சாயங்காலம், கேட்காமலே, வெண்கலம் என்ற பழைய கூட்டாளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தில் இவர் பெயர் லேட்டு. தங்கையை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டுபோய் அவள் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வந்த வழியே மிதித்துத் தன் பள்ளிக்கு வருவதற்குள் மணி அடித்து ஓய்ந்திருக்கும். வாத்தியார் பெயர் கூப்பிடும்போது பக்கத்து இடத்துப் பையன், வெண்கலக் குரல்காரன், குரலை ஒல்லியாக்கி இவருக்காக "உள்ளேன் ஐயா" சொல்லிவிடுவான். ஒருநாள் லேட்டுக்குச் சொன்ன அவசரத்தில் தன் பெயருக்குச் சொல்ல மறந்துபோனான். ஆக, வராதவர் வந்தவர் ஆனார். வாத்தியார் மூக்குக்கு நேரே உட்கார்ந்திருந்தவன் வராதவன் ஆனான்! இதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப போயிட்டு வாங்களேன்" என்றேன், அவர் காதருகே.

"அவனும் எங்கிட்ட கிசுகிசுத்துட்டான்னா? அதை என்னால தாங்க முடியாது" என்றார்.

ஆனாலும் கிளம்பினார். மோட்டார் சைக்கிளில், தனியாக. பஸ்ஸில் போனால் பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுக் கொடுப்பாராம். ஹெல்மெட்டுக்குள் இருப்பவரிடம் யார் வாயைக் கிளறப் போகிறார்கள்? எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய வண்டி அது. அதன் சத்தத்துக்குக் குறையே இல்லை.

இனிமேல் சொல்வதெல்லாம் அவர் சொன்னதும் வெண்கலம் எனக்குப் போனில் சொன்னதும். மலைச் சாலை, சோளக்காடு, பாலம் எல்லாம் தாண்டி மறுநாள் ஊரை நெருங்கும்போது பின் டயர் பஞ்சர். ஒட்டுகிறவரிடம் இவர் வாயைத் திறக்க, அந்த ஆள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ஆணி ஏறியிருக்கு சார்" என்று கிசுகிசுத்தார். இவருக்கு வெறுத்துப் போய்விட்டது. வண்டியை வீட்டுப் பக்கமே திருப்பிவிட்டாராம். எதிரே ஒரு சைக்கிள், பாரில் ஒரு சின்னப் பெண், இறக்கத்தில் கூச்சல் போட்டுக்கொண்டே போனது. அதே இறக்கத்தில்தான் தங்கையும் "மெதுவாண்ணா, மெதுவாண்ணா!" என்று அலறுவாளாம். அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வண்டியைத் திரும்பவும் ஊர்ப் பக்கம் திருப்பினார்.

போய்ச் சேர்ந்தபோது கூட்டம் தொடங்கிவிட்டது. லேட்டு லேட்டுதானே! வாசலோரக் கடைசி பெஞ்சில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லா முதுகும் அகன்றிருந்தன, பாதித் தலைகளில் முடி இல்லை. முன்னே வகுப்பு லீடர் நின்றுகொண்டு பட்டப்பெயர்களை மனப்பாடமாகக் கூப்பிட, ஒவ்வொருவராக "உள்ளேன் ஐயா" என்று அலறினார்கள்.

"லேட்டு!"

இவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. நாற்காலி நகர்ந்த சத்தத்தில் அதுவும் கரைந்துபோனது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒல்லியாக ஒரு குரல் எழும்பியது. "உள்ளேன் ஐயா!"

அறையே சிரித்தது. "டேய் வெண்கலம், அவன் வரலடா. இன்னுமாடா பொய் சொல்ற?" என்றார் லீடர்.

"வருவான்டா. அவன் என்னைக்கு நேரத்துக்கு வந்தான்?" என்றார் வெண்கலம், திரும்பாமலே.

என் வீட்டுக்காரர் எழுந்து முன்னே போய் அந்தத் தோளில் கை வைத்தார். குனிந்து, "வந்துட்டேன்டா" என்றார்.

வெண்கலம் அப்படியே மலைத்துப் போய்விட்டார். அவர் கண்ணில் பொலபொலவென்று நீர். வெண்கலம் இவர் முகத்தருகே வந்து, கிசுகிசுப்பாக, "என்னடா ஆச்சு தொண்டைக்கு?" என்றார்.

எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை இவர் ஓடவில்லை. வெண்கலத்தின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினார். "கத்துடா! எனக்குக் குரல்தான் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு!"

வெண்கலம் போட்டார் பாருங்கள் ஒரு சத்தம்: "ஏன்டா லேட்டு, தடிமாடு, இத்தனை வருஷமா உனக்கும் சேர்த்து நான்தாண்டா கத்தறேன்!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாம். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்று சாயங்காலம் வரை அவரை வாய் ஓயாமல் திட்டியே கொண்டாடினார்களாம்.

திரும்பி வந்தவர் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். "நல்லவேளை போனீங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நீயுந்தான் அந்த மருந்துக் கடைக்காரர் மாதிரி ஆயிட்டே" என்றார்.

"நானா? நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் குரல் எனக்கே காதில் விழுந்தது. கிசுகிசுப்பு. ஒரு வருஷமாக இந்த வீட்டில் நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒருநாள் மூன்றாம் வீட்டுக்காரி நலம் விசாரிக்க வந்தாளே, அது அவருக்காக இல்லை, என் சத்தம் கேட்காததால்தானோ என்னமோ!

சாப்பாட்டு மேஜை நடுவில் புழுதியோடு அவர் ஹெல்மெட் உட்கார்ந்திருந்தது. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன்.

"இதை வைக்க வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு? யார் துடைக்கிறது இந்தப் புழுதியை?"

அவர் தோள் குலுங்கியது. யாரோ வந்து கதவைத் தட்டினார்கள்.