ஆடுகள் தொடாத ஊறுகாய்ப்புல்

எண்பதுகளில் ஆம்பூர் பக்கம் சில ஆடுகள் வளர்த்தோம். கோடைத் தீவனத்துக்காகப் பச்சைச் சோளத்தட்டையை நறுக்கி, வெல்லமும் உப்பும் தூவி, குழியில் மிதித்து மூடி ஊறுகாய்ப்புல் போடுவோம். குழியைத் திறந்ததும் எழும் அந்தப் புளித்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

ஒரு வருடம் ஆடுகள் முகர்ந்துவிட்டுப் பின்வாங்கின.

"இன்னா கொழுப்பு பாரு இதுங்களுக்கு!" என்றார் தோல் கம்பெனியில் வேலை பார்த்த என் கணவர்.

"ஏங்க, உப்பு எங்க வாங்கினீங்க?"

"எதுக்கு வாங்கணும்? பச்சைத்தோல் கெடாம இருக்கப் போட்ட உப்பு, கம்பெனியில உதறினா மூட்டை மூட்டையா கொட்டுது."

ஆட்டுத்தோல் உப்பு! இருவரும் ஆடுகளைப் பார்த்தோம். "தின்னிருந்தா அந்தத் தோல்ல இருந்த நோய் இதுங்களுக்கும் வந்திருக்கும்" என்றார் பிறகு வந்த கால்நடை மருத்துவர்.

கணவர் இப்போது இல்லை. ஆடுகள் இன்னும் இருக்கின்றன; நான் மளிகைக்கடை உப்புதான் போடுகிறேன். ஆனாலும் முதல் பிடியை ஆட்டிடம் நீட்டி, அது வாய் வைக்கும்வரை மூச்சைப் பிடித்து நிற்கிறேன்.