கீழே வந்த தேநீர்

போர்க்காலத் தேர்தல். இலங்கையின் கம்பளை நகரில் ஒரு வேட்பாளரின் மாடி அலுவலகத்தில் எனக்கு எழுத்து வேலை. ஒற்றைக் காலுடன் வந்த ஒருவர் படிக்குக் கீழே நின்றார். சோதனைச் சாவடிகளில் படையினர் தட்டிப் பார்த்துப் பார்த்தே அவருடைய ஊன்றுகோலின் வார்னிஷ் உதிர்ந்திருந்தது.

"எங்கள மாதிரி ஆளுங்களுக்கு என்னா செய்வீங்கன்னு ஐயாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. எல்லா ஆபீஸ்லயும் கேட்டுட்டுத்தான் நான் ஓட்டுப் போடுவேன்."

மேலே போய்க் கேட்டேன். ஐயா தலை நிமிராமல், "பொறகு பாப்போம்" என்றார். வெறுங்கையோடு இறங்கக் கூச்சப்பட்டு, எனக்கு வந்த தேநீரை அவருக்குக் கொண்டுபோனேன். சுவரில் சாய்ந்து நிதானமாகக் குடித்தார்.

"மத்தவங்க நோட்டீஸ்தான் குடுத்தனுப்புனாங்க. தேத்தண்ணி அனுப்புனது உங்க ஐயா மட்டுந்தாங்க. என் ஓட்டு அவருக்குத்தான்."

அனுப்பியது ஐயா இல்லை என்று சொல்லாமலே, வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். இன்றும் மாடிப்படி ஏறும்போதெல்லாம், அந்த வாக்கை அந்த ஊன்றுகோல்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட மனம் ஏங்குகிறது.